போர் கேபிளும் ஒரு வின்ச்சும்

காலை நல்லா நீட்டிக்க அம்முணி. சாக்கு மேலயே வெச்சுக்க, ஒண்ணும் ஆவாது. உள்ள இருக்கறது கோழியுமில்ல குஞ்சுமில்ல, வெறும் இரும்பு. கண்டக்டருகிட்ட அப்பவே சொன்னேன், நான் அடுத்தவிய காலை முறிக்கறக்கு ஒண்ணும் இதை ஏத்தலைன்னு. அந்தாளு, நான் பொள்ளாச்சியில ஏறுனதுல இருந்து மொறைச்சுட்டே இருக்கறான். மொறைச்சா மொறைச்சுட்டுப் போறான் போ. எனக்கு இருக்கற ஆத்தரத்துக்கு இவனெல்லாம் எந்த மூலைக்கு?

என்னன்னா கேக்கறே? வின்ச்சு. பேட்டரிக் கரண்டுல இழுக்கற வின்ச்சு. உருளையில கம்பிக் கயிறு சுத்தியிருக்கும், மொனையில ஒரு கொக்கி. கொக்கியை மாட்டிப் பட்டனை அமுத்துனா உருளை தானாச் சுத்தி எப்பேர்ப்பட்ட கனத்தையும் இழுத்துட்டு வந்துரும். வந்துரும்னு சொல்லித்தான் குடுத்தான். குடுத்தவன் கடை கோயமுத்தூர்ல இருக்குது. அவன் மேசை மேல இதைத் தொப்புனு போட்டுட்டு, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறக்குத்தான் போறேன்.

என்ற ஊட்டுக்காரரு சுந்தராபுரத்துல ஆசுபத்திரியில படுத்திருக்கறாரு. இன்னைக்கு மத்தியானம் ஆப்பரேசன். நீ நெனைப்பே, புருசனை ஆசுபத்திரியில போட்டுட்டு இவ இரும்பைச் சொமந்துட்டு ஊரு சுத்தறாளேன்னு. எம்மக சுகன்யாளும் அதையேதான் சொன்னா. அவதான் அவரு கூட இருக்கறா. நான் கேக்கறேன், அவரு படுத்தது எதுனால? இந்த வின்ச்சுனால. அப்ப மொதல்ல எங்க போகோணும்? கடைக்குத்தான? சுந்தராபுரம் வழியிலதான் வரும், தெரியும். தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருவேன். பஸ்ஸா இல்ல?

நாங்க ஆனைமலைப் பக்கம். தென்னைக்கு வாடல் நோவு வந்து தோப்புத் தோப்பாக் காஞ்சு நிக்குதல்ல, அந்தப் பட்டுப்போன மரத்தையெல்லாம் வெட்டித் துண்டு போட்டு செங்கச் சூளைக்கு ஓட்டறோம். டிராக்டரும் டிரெய்லரும் சொந்தம். ஓட்டறது அவரு, பேசறது நானு. தோப்புக்காரங்ககிட்டப் பேசறது, சூளைக்காரங்ககிட்டப் பேசறது, ஆளுகளை மேய்க்கறது, அத்தனையும் நான்தான். அவரு வாயைத் தொறந்தா கொட்டாவி விடறக்குத்தான் தொறப்பாரு. நல்ல மனுசன், இல்லைங்கல. பொட்டாட்டச் சத்தமில்லாம இருப்பாரு. நான் ஒண்ணு சொன்னா, "சரி சாரதா." மறுபடி ஒண்ணு சொன்னா, "அதும் சரிதான்." இப்பிடி ஒரு மனுசன்கூடக் குடும்பம் நடத்தறது எத்தன கஷ்டம்னு உனக்குத் தெரியாது. எல்லா முடிவும் ஒருத்தி தலையில.

போன வருசம் அவருக்குக் குடலெறக்கம் வந்து, வவுத்துல வலை வெச்சுத் தெச்சாங்க. இனி தண்ணிக் குடத்தைக்கூடத் தூக்கப்படாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. சொன்னது யாருகிட்ட? தேங்காமரம் ஏத்தறவருகிட்ட! ஆளுக இருக்கறாங்க, வாஸ்தவந்தான். ஆனா ஒரு கையி கொறஞ்சா இவரு போயித் தோளைக் குடுத்துருவாரு. "எறங்காதீங்க மாமா, டிராக்டர் மேலயே இருங்க"ன்னு நான் கத்தோணும், அவரு ஏறி உக்காருவாரு, நான் அந்தப்பக்கம் திரும்புனா மறுபடி எறங்குவாரு. ரவைக்கெல்லாம் எனக்குத் தூக்கமே கெடையாது. பக்கத்துல படுத்து அவரு இருமுனாக்கூட வவுத்துத் தையலு என்னாச்சோன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவேன். அந்த வெசனத்துலதான் வின்ச்சு வாங்குனேன். அவரு கேக்கல. நானாத்தான் வாங்குனேன். அவருக்காவத்தான் வாங்குனேன். அதை மட்டும் மனசுல வெச்சுக்க, மத்தவங்க பேசறதெல்லாம் பொறகு.

வின்ச்சு வந்தெறங்குன அன்னைக்கே அக்கப்போரு ஆரம்பிச்சிருச்சு. டிரெய்லர்ல இதை எங்க மாட்டறது? பட்டறைத் தொரைராசு இருக்கறானே, எங்க ஊரு வெல்டிங்காரன், அவன் குனிஞ்சு டிரெய்லருக்கு அடியில பூந்து பாத்துட்டு வந்து சொல்றான். "ஏனுங்க்கா, அடியில சேஸி இருக்குதுல்ல, அதுமேல குறுக்க ரெண்டு இரும்புச் சேனல் போட்டு, தடிச்ச பிளேட்டு வெச்சு, போல்ட்டு போட்டு முறுக்கோணும். பலகையைக் கழட்டோணும். வண்டி ரெண்டு நாளு பட்டறையில நிக்கட்டும்." எப்பிடி இருக்குது பாரு! சூளைக்காரன் காலையில ஒருக்கா பொழுதுசாய ஒருக்கா போன் போட்டுட்டு இருக்கறான், இவன் வண்டியை நிறுத்துங்கறான்.

நான் சொன்னேன், "ஏன்டா தொரைராசு, டிரெய்லர் முன்னாடி நெஞ்சொசரத்துக்குத் தகடு கண்ணாட்டம் நிக்குதே, அதுல வெச்சு ஒட்டுனா ஆகாதா?"ன்னு. "அது வெறும் தகடுக்கா, பாரம் உழுவாம தடுக்கறக்கு வெச்சது, இழுத்தா தாங்காது"ங்கறான். நான் விடுவனா? கெணத்துல தண்ணி சேந்தறவ எங்க நின்னு சேந்துவா? மேல நின்னுதான சேந்துவா? இழுக்கறது ஒசரத்துல இருந்தாத்தான இழுக்கறக்கு வாகு? அவன் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டான். அதுவுமில்லாம, சொல்றதுக்கென்ன, ஒசரத்துல இருந்தா ரோட்டுல போறவங்க கண்ணுக்குத் தெரியும். என்ற ஓரகத்தி ஊடு ரோட்டு மேலயே இருக்குது. அவ பாக்கட்டும்னு ஒரு நெனைப்பு. ஏன், இருக்கப்படாதா?

எங்க ஊட்டுக்காரரு அங்கதான் நின்னுட்டிருந்தாரு. "தொரைராசு சொல்றதும் சரியாத்தான் தெரியுது சாரதா"ன்னு மெதுவாச் சொன்னாரு. "உங்களுக்குத் தெரியாதுங்க மாமா"ன்னேன். "சரி"ன்னுட்டாரு. தொரைராசு, "நீங்க சொல்றீங்க, நான் ஒட்டித் தர்றேன், பொறகு என்னையச் சொல்லப்படாது"ன்னு ஒரு பீடிகை போட்டுட்டு ஒட்டுனான். வேலை செய்யறதுக்கு முன்னாடியே தப்பிச்சுக்கறக்கு வழி தேடறவன் வேலை எப்பிடி இருக்கும்? நீயே சொல்லு.

அடுத்தது கரண்டு. வின்ச்சுக்கு பேட்டரியில இருந்து கனெக்சன் குடுக்கோணும். பேட்டரி எங்க இருக்குது? டிராக்டர்ல. வின்ச்சு எங்க இருக்குது? பின்னாடி டிரெய்லர்ல. நடுவுல ஒயரு வேணுமல்ல? பொட்டிக்குள்ள செகப்பும் கறுப்புமா ரெண்டு ஒயரு வெச்சிருந்தான், பெருவெரலு தண்டி மொத்தம், நீளம் பாத்தா ரெண்டு முழங்கூட இல்ல. அது பேட்டரிக்கும் எட்டாது, எதுக்கும் எட்டாது. அத்தன மொத்தமா ஒயரைக் குடுக்கறவன் கொஞ்சம் நீளமாக் குடுத்தா என்ன கெட்டுப்போகுது? நான் அதை ஆட்டுப்பட்டிப் படலுக்குக் கட்டி வெச்சிருக்கறேன். அதுக்கு நல்லா இருக்குது.

எங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு என்னமோ அதிசயமா நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுனாரு. "டிரெய்லர்லயே வின்ச்சுப் பக்கத்துல தனியா ஒரு பேட்டரி வெச்சுக்கலாம் சாரதா. இந்தக் குட்டை ஒயரே போதும். ராத்திரியில சார்சரு போட்டுக்கலாம்"ன்னாரு. இன்னொரு பேட்டரியா? இருக்கற பேட்டரி என்ன செத்தா போச்சு? நான் உடனே சாளைக்குப் போயி அட்டாலி மேல இருந்து போர் கேபிளை எறக்கிட்டு வந்து அவரு முன்னால போட்டேன்.

அந்த கேபிளைப் பத்தி உனக்குச் சொல்லோணும். எங்க காட்டுல போர் போட்டமல்ல, மூணு எடத்துல போட்டும் வெறும் புழுதி. நாலாவதுல தண்ணி வந்துது, ஆழமுன்னா அப்பிடியொரு ஆழம். மோட்டாரு எறக்கி, கேபிளு எறக்கி, தண்ணி மேல வந்து விழுந்த அன்னைக்கு நான் அதுலயே உக்காந்து சீலையோட குளிச்சேன். ரெண்டு வருசம் ஓடுச்சு. அப்பறம் அதும் வத்திப்போச்சு. மோட்டாரை வித்துட்டோம். கேபிளை மட்டும் விக்கறக்கு எனக்கு மனசு வரல. அப்பட்டமான செம்பு. அது அட்டாலியில சும்மா கெடக்கறதைப் பாக்கறப்பெல்லாம் வவுறு எரியும். ஒரு உருப்படியான வேலைக்கு அது ஆகோணும்னு நெனைச்சுட்டே இருந்தேன்.

"இந்த கேபிளு பாதாளத்துல இருந்து ஏழரை எச்பி மோட்டாரை ஓட்டுன கேபிளு. இந்தத் துக்குனூண்டு மோட்டாரை ஓட்டாதா?"ன்னு கேட்டேன். நாயந்தான? அவரு கேபிளைக் கையில எடுத்து, நுனியை நசுக்கிப் பாத்து, "அது லைன் கரண்டு, இது பேட்டரிக் கரண்டு சாரதா. இதுக்கு ஒயரு மொத்தமா வேணும். ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கப்படாது"ன்னாரு. எனக்குச் சுருக்குனு வந்துது. கணக்கு நான் பாக்கறேனாம்! யாருக்காவ இத்தன ஓட்டம் ஓடறேன்? "அப்ப நானே போட்டுக்கறேன், நீங்க போயி உக்காருங்க"ன்னேன். பொறகு அவரேதான் கேபிளை இழுத்துக் கட்டிக் கனெக்சன் குடுத்தாரு. 

எலுமிச்சம்பழம் வெச்சு, சூடம் காட்டி, பட்டனை அமுத்துனேன். சுத்துச்சு அம்முணி! ஜம்முனு சுத்துச்சு. கயிறு போகுது, வருது, போகுது, வருது. அதுக்கு மேல என்ன வேணும்? "பாத்தீங்களா மாமா"ன்னேன். "ஆமா, சுத்துது"ன்னாரு. "சும்மாதான சுத்துது, மரத்தைக் கட்டிப் பாக்கோணும்"ன்னு பின்னாடியே ஒரு வாலு. நல்ல நாள்லகூட வாயில நல்ல வார்த்தை வராது. அன்னைக்கே ஏத்தற ஆளுகளுக்குச் சொல்லிட்டேன், இனி வேண்டாம், மிசினு வந்திருச்சுன்னு.

ஆனா பாரு, மரத்தைக் கட்டுனா அதுக்கு மூச்சு வாங்குது. நுனித்துண்டுன்னா எப்பிடியோ இழுத்துரும், நாம நின்னு பாத்துட்டு இருக்கறப்பவே தலை நரைச்சுப் போயிரும், அத்தன மெதுவு. நடுத்துண்டுன்னா உம்முனு மொனகும். டிராக்டர் எஞ்சினை முறுக்கிப் புடிக்கச் சொன்னா கொஞ்சம் அசையும். கேபிளைத் தொட்டா சுடுசோத்துப் பானையாட்ட இருக்கும். நான் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் எடுத்ததும் கேக்கறான், "அம்மா, எந்தக் கேபிளுங்க போட்டீங்க?" நான் பெருமையாச் சொன்னேன், போர் கேபிளுன்னு. சிரிக்கறான்! "பாக்சுல குடுத்த கேபிளு எங்கங்கம்மா? அதைப் போட்டு பேட்டரியைப் பக்கத்துல வைங்க. இல்லாட்டி சூடாகிக் கருகிரும். அப்பறம், எதுல மாட்டியிருக்கீங்க? சேஸியிலதான?"ங்கறான்.

இப்ப யோசனை பண்ணு. தொரைராசும் சேஸிங்கறான், கடைக்காரனும் சேஸிங்கறான். எங்க ஊட்டுக்காரரும் பேட்டரிங்கறாரு, கடைக்காரனும் பேட்டரிங்கறான். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா என்ன அர்த்தம்? பேசி வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். மட்டமான சரக்கைக் குடுத்துப்போட்டு கேபிளு சரியில்ல, தகடு சரியில்லங்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்குது?

என்ன சொன்னே? நீ என்ன படிச்சிருக்கறே? எலக்ட்ரிகலா? சரி. மொத்தமாப் போடோணும்னு நீயும் சொல்றே. சொல்லு சொல்லு. நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துக்க, எனக்கென்ன.

சித்தெ இரு, போன் அடிக்குது.

ஆ, சுகன்யா. பஸ்ஸுலதான் வர்றேன். எங்கயா? கெணத்துக்கடவு தாண்டிட்டோம். இல்ல, மொதல்ல கடைக்கு... என்னது? ஏனாம்? அவருகிட்டச் சொல்லு, நான் வந்து என்ன பண்ணப் போறேன், டாக்டருதான ஆப்பரேசன் பண்றாரு? ... சத்தமாப் பேசு, பஸ்ஸு எரைச்சலு. ... அப்பிடியா சொன்னாரு? வேற என்ன சொன்னாரு? ... சாப்புட்டேன், சாப்புட்டேன். சாப்புடலைன்னு சொல்லாத. வெய்யி.

பாத்தியா? உள்ள கூட்டிட்டுப் போறக்கு இப்பவே தள்ளுவண்டியெல்லாம் கொண்டாந்து வெச்சிருக்கறாங்களாம். இந்த மனுசன், "உங்கம்மா வரட்டும்"னு படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டேங்கறாராம். நர்சு வந்து சொல்லியும் கேக்கலையாம். டாக்டரு வந்து சொல்லியும், "கொஞ்சம் பொறுங்க, அவ வந்துருவா"ங்கறாராம். எல்லாத்துக்கும் சரி சரிங்கற மனுசனுக்கு இப்ப மட்டும் எங்கிருந்து வருது இத்தன புடிவாதம்? அதுல, நான் காலையில சாப்புட்டனா என்னன்னு வேற கேக்கறாராம். வவுத்தை அறுக்கப் போறது அவருக்கு, பசியைப் பத்திக் கேக்கறது எனக்கு.

ஒண்ணுமில்ல அம்முணி, ஜன்னலு வழியாத் தூசி. நீ சும்மா இரு.

சரி, கடை எங்க ஓடிப்போகுது, சாயங்காலம் வரைக்கும் தொறந்துதான் வெச்சிருப்பான். சுந்தராபுரத்துலயே எறங்கிக்கறேன். அவரு கூப்புட்டாருன்னு போறேன்னு நெனைச்சுக்காத. அவருகிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்குது. மயக்க ஊசி போடறக்கு முன்னாடி அதைக் கேட்டுப்போடோணும். அவரு படுத்த அன்னையில இருந்து கேக்கறக்குப் பாக்கறேன். ஆம்புலன்சுலயும் கேக்க முடியல, சுத்தி ஆளுக.

அன்னைக்கு ஒரு தோப்புல கடைசி லோடு. எல்லாத்தையும் ஏத்தியாச்சு, ஒரே ஒரு அடித்துண்டு பாக்கி. மரத்துலயே வேர்ப்பக்கம்தான் கனம், அது உனக்குத் தெரியும். பின்னாடி ரெண்டு பலகையைச் சாச்சு வெச்சு, கொக்கியை மாட்டி, அவரு பட்டனைப் புடிச்சுட்டு டிரெய்லரோரமா நின்னாரு. நான் துண்டுக்குப் பின்னாடி, கையில கல்லோட. ஏற ஏற கல்லு வெக்கோணுமல்ல, இல்லாட்டி வழுக்கிரும். "பின்னாடி நிக்காத சாரதா"ன்னாரு. "நான் நிக்காம பின்ன யாரு நிக்கறது, ஆளா இருக்குது?"ன்னேன். "சரி, பாத்து"ன்னாரு.

பாதிப் பலகை ஏறிருச்சு. வின்ச்சு உம்முனு மொனகுது. கேபிளுல இருந்து கருகற வாசம் வருது. "போதும், எறக்கீரலாம்"ன்னு அவரு சொல்றாரு. "இன்னும் ஒரு முழந்தான் மாமா, அமுத்துங்க"ன்னு நான் சொல்றேன். அமுத்துனாரு. டமார்னு ஒரு சத்தம். முன்னாடித் தகடு அப்பிடியே பேத்துக்கிட்டு டிரெய்லருக்குள்ள குனிஞ்சுது. கயிறு தளந்துது. துண்டு என்னையப் பாத்துப் பின்னால நகுந்துது.

எனக்குக் காலு வரல அம்முணி. ஓடோணும்னு தெரியுது, காலு வரல. அப்பிடியே கல்லைப் புடிச்சுட்டு மரமாட்ட நிக்கறேன். இந்த மனுசன் எங்கிருந்து வந்தாருன்னே தெரியல. கடப்பாரையைக் குறுக்க குடுத்து, தோளை அதுல வெச்சு அணைச்சு நின்னுட்டாரு. தண்ணிக் குடம் தூக்கப்படாதுன்னு சொன்ன ஒடம்பு! எனக்குப் பயத்துல உசுரே போச்சு. "விடுங்க மாமா! விட்டுட்டு நவுருங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். கண்ணு பிதுங்குது அவருக்கு, கழுத்து நரம்பெல்லாம் எந்திரிச்சு நிக்குது. "நீ நவுரு"ங்கறாரு. "நீங்க விடுங்க"ங்கறேன். "நீ நவுரு சாரதா"ங்கறாரு. நான் பக்கத்து வாய்க்கால்ல குதிச்ச பொறகுதான் விட்டாரு. துண்டு நான் நின்ன எடத்துல வந்து விழுந்துது. அவரு வவுத்தைப் புடிச்சுட்டு உக்காந்தாரு, பொறகு எந்திரிக்கல.

இவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. ஏன் அம்முணி அழுவறே? நீ எதுக்கு அழுவறே?

கண்டக்டருங்கோ, சுந்தராபுரம் ஒண்ணு எறக்கி விடுங்க!

கலியாணம் பண்ணுன நாள்ல இருந்து நான் சொல்லி அவரு ஒண்ணை மறுத்ததில்ல. தகடுன்னேன், சரின்னாரு. கேபிளுன்னேன், இழுத்துக் கட்டுனாரு. அமுத்துங்கன்னேன், அமுத்துனாரு. அத்தனையும் கேட்ட மனுசன், விடுங்க விடுங்கன்னு அத்தன தடவை கத்துனனே, அதை மட்டும் ஏன் கேக்கல? அதைத்தான் அவரைக் கேக்கோணும்.